சேர்வராயன் மலையில் நிழலின் வரலாறு: காப்பித் தோட்டமும் உயிரினப் போட்டியும்

முன்னுரை

சேர்வராயன் மலையின் அண்மைக்கால வரலாற்றை ஆட்சியர், தோட்ட உரிமையாளர் ஆகியோரின் வரலாறாக எழுதுவது வழக்கம். ஏற்காட்டின் நிலத்தோற்றத்தை உருவாக்கியதில் உயிரினங்களுக்கு இடையிலான போட்டிக்கும் சார்புக்கும் பெரும்பங்குண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அப்போட்டியின் மையப்பொருள் வெயில்.

காப்பியும் தண்டுத்துளைப்பானும்

சேலம் மாவட்ட ஆட்சியர் எம்.டி.காக்பர்ன் காலத்தில் (1820–1829) இம்மலையில் காப்பி அறிமுகமாயிற்று. அராபிகா காப்பி, எத்தியோப்பியக் காடுகளில் பெருமரங்களின் கீழ் வளரும் சிறுமரமாகும். அப்பெருமரங்கள் வெயிலுக்கும் நீருக்கும் அதனோடு போட்டியிடுவன. ஆகவே மரங்களை அகற்றினால் விளைச்சல் பெருகும் எனக் கருதுதல் இயல்பே. ஆயினும், வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளிலேயே வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு மிகுதியாக முட்டையிடுகிறது. அதன் புழு தண்டைக் குடைந்து செடியை மாய்க்கிறது. தென்னிந்தியத் தோட்டங்களில் இவ்வண்டு விளைத்த அழிவை ஆராய்ந்த ஜார்ஜ் பிடியின் அறிக்கை 1869இல் வெளிவந்தது. நிழலின் தேவையை அது வலியுறுத்திற்று. மறுபுறம், நிழல் மிகுந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சண நோய்கள் பெருகும், பூப்பும் குறையும். எனவே கிளைகளைக் கழித்து நிழலை அளவுபடுத்துதல் தோட்டத் தொழிலின் நுட்பமாயிற்று. காப்பிக்குப் போட்டியாக நிற்கும் மரமே அதற்குக் காவலாகவும் அமைந்தது.

மரம் மாறிய நிழல்

நிழலின் தேவை காட்டு மரங்களை முழுமையாகக் காக்கவில்லை. கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் விரைந்து நேராக வளர்வது, மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பாவது, வெட்டுமரமாகவும் விலைபோவது. இப்பயன்களால் ஏற்காட்டுத் தோட்டங்களில் அது பரவலாயிற்று. இவ்வெற்றி மனிதத் தேர்வால் விளைந்ததேயன்றி இயற்கைப் போட்டியால் விளைந்ததன்று.

தோட்டத்திற்கு வெளியே நிலைமை வேறு. மரங்கள் அழிந்து வெயில் விழும் இடங்களில், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடி புதராக மண்டிக் காட்டு மர நாற்றுகளை நெருக்குகிறது. கனியுண்ணும் பறவைகள் அதன் விதையைப் பரப்புகின்றன. அடர்ந்த நிழலில் இச்செடி செழிப்பதில்லை. மரப்பட்டையைப் பற்றி வாழும் ஆர்க்கிடுகளோ, தாங்கும் மரம் வீழின் தாமும் வாழிடம் இழக்கின்றன. இந்தியத் தாவரவியல் அளவீட்டு நிறுவனம் 1963இல் ஏற்காட்டில் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் இவ்விடத்துக் கருதத்தக்கது.

முடிவுரை

ஒரே வளத்தை ஒரே வகையில் நாடும் இரு உயிரினங்களுள் ஒன்று விலக்கப்படும் என்பது, ருஷ்ய உயிரியலாளர் காஸ் 1934இல் வெளியிட்ட ஆய்வோடு இணைத்துப் பேசப்படும் கோட்பாடு. காப்பித் தோட்டத்தில் எது விலக்கப்படும், எது நிலைக்கும் என்பதைக் கவாத்துக் கத்தியும் சந்தை விலையும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. ஏற்காட்டில் மரப்போர்வை எஞ்சியிருப்பது கொண்டு காடு எஞ்சியது எனத் துணிதல் பொருந்தாது. எம்மரத்தின் நிழல் என்ற வினாவையும் வரலாற்றாய்வு எழுப்புதல் வேண்டும்.