வாக்களித்த பிறகு என்ன செய்யலாம்? கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுமக்கள் குரல் எழுப்பக்கூடிய இடங்கள்

பிரிக்பீல்ட்ஸில் வாழும் வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்குதான். கோலாலம்பூர் கூட்டரசு பிரதேசம் என்பதால் அங்குச் சட்டமன்றம் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே உள்ளன. கிள்ளானில் வாழ்பவருக்கு இரண்டு வாக்குகள். 2022 நவம்பர் 19-ஆம் தேதி நாடாளுமன்றத்திற்கும் 2023 ஆகஸ்டு 12-ஆம் தேதி சிலாங்கூர் சட்டமன்றத்திற்கும் அவர் வாக்களிக்க முடிந்தது. ஆனால், வீட்டு வாசலில் அடைத்துக்கொள்ளும் கால்வாய், அணைந்துபோன தெருவிளக்கு, பக்கத்துத் திடலில் எழும்பப்போகும் அடுக்குமாடி ஆகியவற்றைக் கவனிக்கும் ஊராட்சி மன்றத்துக்கு இருவருமே வாக்களிப்பதில்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1952 பிப்ரவரி 16-ஆம் தேதி கோலாலம்பூரில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்தலை மீண்டும் நடத்தலாம் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், தேர்தலுக்கு வழிவகுத்த விதிகளைச் செயலிழக்கச் செய்தது. இன்று சிலாங்கூரில் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. கோலாலம்பூரில் டத்தோ பண்டாரும் அவருக்கு ஆலோசனை கூறும் வாரியமும் நியமனம்தான்.

தேர்தல் இல்லை என்பதால் கதவுகள் எல்லாம் மூடிவிட்டன என்று பொருளல்ல. சட்டம் திறந்து வைத்திருக்கும் சில வாசல்கள் பலருக்குத் தெரிவதில்லை.

யாரிடம் கேட்பது?

புகார் எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் முதல் காரணம், அது தவறான இடத்துக்குப் போவதுதான். குப்பையையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் அது கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வருகிறது, எஸ்.டபள்யூ.கோர்ப் எனும் கழகம் கண்காணிக்கிறது. சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. அங்குக் குப்பை ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. குடிநீர் இரண்டு இடங்களிலும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் பொறுப்பு. கிள்ளான் நகராண்மைக் கழகம் 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி அரச மாநகர் மன்றமாகத் தரம் உயர்ந்தது. கிள்ளான்வாசிகள் கால்வாய், தெருவிளக்கு, அங்காடி உரிமம் போன்றவற்றுக்கு அணுக வேண்டிய இடம் அதுவே.

புகாரை எழுத்தில் கொடுப்பது முக்கியம். தேதி, இடம், புகைப்படம், ஒரே ஒரு தெளிவான கோரிக்கை இருந்தால் போதும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை மன்ற உறுப்பினரையோ சட்டமன்ற உறுப்பினரையோ சந்திக்கும்போது ஆதாரம் கையில் இருக்கும்.

மன்றக் கூட்டத்தில் உட்காரலாம்

ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது தானாகப் பொருந்தாது. பார்வையாளராக அமர்பவர் பேச முடியாதுதான். ஆனால், தன் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் என்ன பேசினார், எதைப் பேசவில்லை என்பதை நேரில் பார்க்கலாம். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே கூட்டத்தின் போக்கு மாறும்.

சிலாங்கூரில் இன்னொரு வசதியும் உண்டு. 2011-இல் நிறைவேறிய தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி, மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் தகவல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மேம்பாட்டுத் திட்டங்களுக்கு ஆட்சேபம்

ஓர் இடத்தில் வீடு வருமா, கடை வருமா, பூங்கா நிலைக்குமா என்பதை முடிவு செய்வது அமைப்புத் திட்டமும் உள்ளூர்த் திட்டமும். இவற்றின் வரைவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துப்பூர்வமான கருத்துகளைப் பெற வேண்டும் என்பது சட்டம். கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்ட வரைவு 2024-இன் தொடக்கத்தில் அப்படி வைக்கப்பட்டது. குறித்த காலத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் கணக்கில் வரும். கட்டடம் எழும்பிய பிறகு மகஜர் கொடுப்பதைவிட, வரைவில் ஒரு வரியை மாற்றக் கேட்பது எளிது.

வீட்டு வரிக்கும் இதே விதிதான். சொத்து மறுமதிப்பீட்டு அறிவிப்பு வந்தால், அதில் சொல்லப்பட்ட நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2013-இன் இறுதியில் கோலாலம்பூரில் மறுமதிப்பீடு அறிவிக்கப்பட்டபோது ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. அதன் பின்னர் வரி விகிதம் குறைக்கப்பட்டது.

ரிம்பா கியாரா சொல்லும் பாடம்

மக்கள் ஒன்றுகூடினால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்களின் வழக்கு அண்மைய சான்று. ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட 2017 ஜூலையில் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. அமைப்புத் திட்டத்திலிருந்து விலகினால் டத்தோ பண்டார் காரணம் கூற வேண்டும், பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அத்தீர்ப்பு, அக்கம்பக்கத்தாரின் குரலுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதை நிலைநாட்டியது.

இதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. தமிழர்கள் அதை மறக்கக் கூடாது. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம் 1980-களின் தொடக்கத்தில் கையகப்படுத்தப்பட்டபோது, அங்கு வேலை செய்த பாட்டாளிக் குடும்பங்கள் பூங்காவை ஒட்டிய நீண்ட வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டன. அந்தத் 'தற்காலிகம்' 40 ஆண்டுகளைக் கடந்தது. ரத்தான திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் அம்மக்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நீண்ட வீடுகள் உள்ள இடத்திலேயே அளவான வீட்டுத் திட்டம் வரட்டும் என்றுதான் சொன்னார்கள். இருந்தும், வீடும் பூங்காவும் ஒரே திட்டத்தில் முடிச்சுப் போடப்பட்டதால், அடுத்தடுத்து வாழ்ந்த இரு தரப்பினர் எதிரெதிர் அணிகளாகத் தெரிந்தனர். திட்டம் வரைபடமாக இருந்தபோதே இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசியிருந்தால், ஆறு ஆண்டு வழக்குக்குத் தேவை இருந்திருக்காது. நீதிமன்றம் ஓர் ஆணையை ரத்து செய்யலாம். வீடு கட்டித் தராது. அதற்குப் பேச்சுவார்த்தைதான் வழி.

அடுக்குமாடியில் தொடங்கும் ஜனநாயகம்

வாக்குரிமை இருந்தும் பலர் பயன்படுத்தாத இடம், சொந்த அடுக்குமாடிதான். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கைக் கேள்வி கேட்கிறார்கள். பராமரிப்புக் கட்டண பாக்கி உள்ளவர் வாக்களிக்க முடியாது. மின்தூக்கி பழுதானதற்குக் கோபப்பட்டுக் கட்டணத்தை நிறுத்துபவர், அதைச் சரிசெய்யும் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்தே இழக்கிறார். கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்பதுதான் பலன் தரும். அப்போதும் தீராத தகராறுகளுக்கு அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் உள்ளது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த வாக்கு இல்லை. அவர்களுக்கு 1975 முதல் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா உள்ளது. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே வட்டாரப் பிரச்சினையைச் சேர்ந்து பேச அது வாய்ப்பளிக்கிறது. கால்வாய் நிரம்பினால் எந்த இனத்தின் வீட்டுக்குள் போவது என்று வெள்ளம் பார்ப்பதில்லை. ஆகவே மூன்று மொழிகளில் கையெழுத்தான ஒரே கோரிக்கைக்கு மன்றத்தில் எடை அதிகம்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகின்றனர். வாக்காளர் எண்ணிக்கை 2018 பொதுத் தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 இலட்சமாக இருந்து, 2022-இல் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது. புதிதாகச் சேர்ந்த இளையோருக்கு அடுத்த தேர்தல் வர இன்னும் நாள் இருக்கலாம். அவர்கள் வசிக்கும் வட்டாரத்தின் மன்றக் கூட்டத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.