இரண்டு முறை தோற்ற கிருஷ்ணமூர்த்தி

போன வாரம் எங்கள் கிளையில் பிரமோஷன் பட்டியல் வந்தது. ஸ்கேல் டூவிலிருந்து ஸ்கேல் த்ரீ. இரண்டாம் முறையும் பெயர் வராத ஒரு தம்பி, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். "இனிமே இன்டர்வியூவுக்கே போகமாட்டேன் சார்" என்றார். நானும் ஒரு காலத்தில் இதே வசனம் பேசியவன்தான். பக்கத்து மேசைக்காரர் மேலே போய்விட, அவரிடமே லீவு லெட்டர் நீட்டி நின்றவன். அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்து, மணி இரண்டாகி கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் சொல்லாமல் விட்ட கதை இது.

முதலில் நம்ம பெங்களூரு. இங்கே எம்.பி. சீட்டு யாருக்கு என்பதைக் கட்சி மேலிடம்தான் முடிவு செய்யும். தொண்டனுக்குப் பட்டியலைப் படிக்கிற உரிமை மட்டும் உண்டு. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் காங்கிரஸ் இதை மாற்றிப் பார்த்தது. ராகுல் காந்தியின் யோசனைப்படி நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த சில தொகுதிகளில் மட்டும், வேட்பாளரைக் கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். கர்நாடகத்தில் இரண்டு தொகுதிகள்: தட்சிண கன்னடா, பெங்களூரு வடக்கு. இரண்டாவது நான் ஓட்டுப் போடுகிற தொகுதி.

உள்தேர்தலில் சி. நாராயணசாமி ஜெயித்தார். பொதுத்தேர்தலில் பா.ஜ.க.வின் சதானந்த கௌடாவிடம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். குஜராத்தில் வதோதராவில் இன்னும் வேடிக்கை. உள்தேர்தலில் ஜெயித்தவர் நரேந்திர ராவத். எதிரே மோதி நிற்கிறார் என்றதும் ராவத் ஒதுங்கிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி வந்தார். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரே கடைசியில் நிற்கவில்லை! அந்தச் சோதனை அதோடு சரி.

அமெரிக்காவில் இது சோதனை இல்லை, நடைமுறை. அங்கே 'பிரைமரி' என்பது அரசாங்கமே நடத்தும் தேர்தல். இல்லினாய் மாநிலத்தில் சாதாரண வாக்காளர் வாக்குச்சாவடிக்குப் போய், எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம். கட்சி உறுப்பினராக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

அங்கே வளர்ந்தவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. தமிழ்க் குடும்பம். 1973ல் டெல்லியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். நடுவில் குடும்பத்துக்குக் கஷ்டகாலம்; அரசின் உணவுக் கூப்பன் உதவியில் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு அப்பாவுக்குப் பியோரியா நகரில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மகன் பிரின்ஸ்டனில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், ஹார்வர்டில் சட்டம் என்று படித்தார்.

2000ல் ஓர் இளம் மாநில செனட்டர் கீழ்ச்சபைக்கு முயன்றபோது அவருக்காக வேலை செய்தார். அந்தப் பிரைமரியில் அந்த செனட்டர் பாபி ரஷ் என்பவரிடம் படுதோல்வி அடைந்தார். அவர் பெயர் பராக் ஒபாமா :-) 2004ல் ஒபாமா அமெரிக்க செனட்டுக்கு நின்று ஜெயித்தபோதும் கிருஷ்ணமூர்த்தி கூடவே இருந்தார்.

2010ல் தானே களம் இறங்கினார். மாநிலக் கணக்குத் தலைவர் பதவி. (கணக்குப் பார்க்கிற பதவி என்றால் எனக்குத் தனிப் பாசம்.) ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் டேவிட் மில்லரிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார்.

இரண்டாவது முயற்சி 2012. சிகாகோ புறநகர்களைக் கொண்ட எட்டாவது தொகுதி. இந்த முறை எதிரே டாமி டக்வொர்த். இராக் போரில் ஹெலிகாப்டர் ஓட்டி, 2004ல் சுட்டு வீழ்த்தப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தவர். செனட்டர் டிக் டர்பின் போன்ற பெரிய தலைகளும் அவர் பக்கம். ஒபாமாவின் பழைய ஆள் என்பதெல்லாம் அதற்கு முன்னால் எடுபடவில்லை. மார்ச் 20 அன்று டக்வொர்த்துக்கு சுமார் 66 சதவீதம், இவருக்கு 34. மூன்றில் ஒரு பங்குதான்.

முதல் தோல்வி மயிரிழையில் வந்தது; கொஞ்சம் கூடுதலாக அலைந்திருந்தால் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் அந்த ஆறுதலும் இல்லை. அந்த டக்வொர்த்தும் 2006ல் பொதுத்தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர்தான் என்பதையும் கவனியுங்கள்.

நம்மூராக இருந்தால் டிக்கெட் கிடைக்காதவர் சுயேச்சையாக நின்று ஓட்டைப் பிரிப்பார். கிருஷ்ணமூர்த்தி அப்படி எதுவும் செய்யாமல் வேலையைப் பார்த்தார். ஈழத்தமிழர் விஞ்ஞானி சிவலிங்கம் சிவானந்தனின் ஆய்வு நிறுவனத்தில் தலைவர் பொறுப்பு.

2016ல் டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிடக் கிளம்ப, எட்டாவது தொகுதி காலியானது. மூன்றாம் முறை பிரைமரி. மூவர் போட்டியில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். நவம்பரில் பொதுத்தேர்தலிலும் ஜெயித்து, 2017 ஜனவரியில் பதவியேற்றார். அதே மாதம்தான் கமலா ஹாரிஸும் செனட்டுக்குள் நுழைந்தார்.

விடாமுயற்சி வெற்றி தரும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் கணக்கு. டக்வொர்த் மேலே போகாமல் இருந்திருந்தால் அந்த நாற்காலி காலியாகியிருக்காது. அதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது. இவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று: காலியாகும்போது களத்தில் இருப்பது. 2012 மார்ச்சோடு மூட்டை கட்டியிருந்தால் அந்த அதிர்ஷ்டம் வேறு யாருக்கோ போயிருக்கும்.

பி.காம். படித்தவர்களுக்குப் புரியும். வியாபார நஷ்டத்தை நம் வருமானவரிச் சட்டம் எட்டு வருஷம் வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக விடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ரிட்டர்னை உரிய தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். நஷ்டம்தானே என்று ரிட்டர்ன் போடாமல் உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் நஷ்டமாகவே போய்விடும். இவருடைய நஷ்டம் ஆறு வருஷத்தில் நேரானது.

எனக்குப் பிரமோஷன் வந்தது மூன்றாவது தடவை. நான் முன்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டதால் இல்லை. அந்த வருஷம் காலியிடம் அதிகம். திங்கட்கிழமை அந்தத் தம்பியிடம் இரண்டு கதையையும் சொல்லவேண்டும். அடுத்த சர்க்குலர் வரும்போது அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டும்.