கொற்கை: பொன்னை வரவழைத்த முத்துநகர்

தண்பொருநை எனச் சான்றோர் போற்றும் தாமிரபரணி, பொதியமலையில் தோன்றி, இருமருங்கும் கழனியும் திருக்கோயிலுமாகத் திருநெல்வேலிச் சீமையை வாழ்வித்துக் கடலிற் கலக்கின்றது. அதன் முகத்துவாரத்தில் முற்காலத்தே விளங்கிய பாண்டியர் துறைமுகமே கொற்கை. மண்ணுக்கடியிற் பொன் உண்டெனக் கேட்டு மாந்தர் திரண்ட ஊர்கள் உலகிற் பல. கொற்கையின் செல்வமோ கடலுக்கடியில் இருந்தது. அம்முத்தை நாடி, பிறநாட்டுப் பொன் இவ்வூரைத் தேடி வந்தது.

கொற்கை முத்தின் சிறப்பை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், இவ்வூரைக் கொல்கி எனக் குறித்துப் பாண்டியர்க்கு உரியதென்று கூறும். அந்நூற்றாண்டின் உரோம அறிஞர் பிளினி, இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளின் பொருள்களுக்காக ஆண்டுதோறும் பத்துக்கோடி செசுதர் நாணயம் தம் நாட்டைவிட்டு வெளியேறுகின்றதே என வருந்தினார். அவர் வருந்திய பொருள்களுள் முத்தும் ஒன்று.

1968-69ஆம் ஆண்டுகளில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. ஆற்றின் மேற்புறத்தே ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்து, பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களைக் கண்டெடுத்தார். இப்பள்ளத்தாக்கில் பொன் புழங்கிய தொன்மைக்கு அவை சான்றாம்.

கொற்கையிலுள்ள சிவாலயம் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் எனப் பெயர் பெறும். அக்கசாலை என்பது பொன்வினைஞர் பணிசெய்யும் சாலை. நாணயம் அடிக்கும் இடத்தையும் குறிக்கும். பொன் உருக்கிய உலைகள் அவிந்தொழிந்தன. அத்தொழிலின் பெயரை இன்றளவும் காத்து நிற்பது இறைவன் திருப்பெயரே என்பது எண்ணி மகிழற்பாலது.

இனி, அம்முத்து எவ்வாறு வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். காலிற் கல்லைப் பிணித்து, கழுத்தில் அல்லது இடையில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சையடக்கி முத்துக்குளிப்போர் கடலடிப் பார்களில் இறங்குவர். ஒரு நிமிட அளவிற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரியதும், படகிலுள்ள துணைவர் கயிற்றை இழுத்து மேலேற்றுவர். சுறாவும் மூச்சுத்திணறலும் என்றும் உள்ள அச்சங்கள். குற்றத்திற்குத் தண்டனை பெற்றோரே கொல்கியில் முத்துக்குளித்தனர் எனப் பெரிப்ளூசு கூறுவது நெஞ்சை உருக்குவதாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்திலொன்று அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதிலொன்றும் சென்றதை எழுதியுள்ளார்.

இத்துணைச் சிறப்புற்ற நகரம் பகைவர் படையால் மட்டும் அழிந்ததன்று. வாழ்வித்த ஆறே வண்டலைக் கொணர்ந்து முகத்துவாரத்தைத் தூர்த்தது, கடல் விலகிற்று. வணிகம் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. இன்று கொற்கைக்கும் கடலுக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர் நிலம் கிடக்கின்றது. முத்துச் சலாபமும் நிலைக்கவில்லை. சலாபம் கூடும் ஆண்டில் கடற்கரையிற் குடிசைகளும் கடைகளுமாக ஓர் ஊரே எழும். குளிப்பு முடிந்ததும் மணலே எஞ்சும். சிப்பி விளையாத ஆண்டுகளோ பல. ஜப்பானில் முத்தை வளர்த்தெடுக்கும் முறை பரவியபின் இயற்கை முத்தின் விலையும் வீழ்ந்தது. தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே கடைசிப் பெருஞ்சலாபம்.

இக்காலத்தார் கண்ணெதிரே நிகழ்ந்த சான்றும் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கும்பினியார் வேலை தொடங்கிய கோலார் தங்கவயல், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரின் உழைப்பால் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை தோண்டப்பெற்று, 2001இல் மூடப்பட்டது. கடலடியாயினும் நிலத்தடியாயினும் செல்வம் எடுத்தோர் ஒருவர். அதனைத் துய்த்தோர் வேறொருவர்.

கொற்கையின் முத்துக்களில் எத்தனை எவ்வரசர் முடியில் ஏறின என்பதற்கு இன்று கணக்கில்லை. ஊருக்கெனவும் இறைவனுக்கெனவும் எழுப்பிய கற்றளி மட்டும் நிற்கின்றது. திருக்குடமுழுக்குக்குப் பொருள் ஈந்த அன்பர்கள் தம் கொடை வீண்போகாதென மகிழலாம். அப்பொருள் தம் கைக்கு வரக் காரணமாயிருந்த உழைப்பாளர் பலரையும் அந்நன்னாளில் நினைந்து, அவர் நலத்துக்கும் சேர்த்து வேண்டுதல் முறையாகும். கல்லைக் கட்டிக் கடலில் இறங்கியோர் பெயரைப் பொறித்த கல்வெட்டு எதுவுமில்லை; அவர்களையும் அறிந்தவன் இறைவன் ஒருவனே. அவன் திருவருள் அனைவர்க்கும் ஆகுக.