ஓப்பநாயக்க மலைகளில் எரிமலை இல்லை, மண்சரிவு உண்டு

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை தாண்டி பலாங்கொடைக்குப் போகும் வழியில் இருக்கிறது ஓப்பநாயக்க. களனிவெளி ரயில் பாதை ஒரு காலத்தில் இங்கேதான் முடிந்தது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன எங்கள் உறவினர்கள், இங்கு அடைமழை என்று கேள்விப்பட்டதும் தொலைபேசி எடுப்பார்கள். "மலைக்கு அடியில எரிமலை கிரிமலை இருக்கா? பூமி நடுங்குமா?" என்பது அவர்களின் கேள்வி.

எரிமலை இல்லை. இது மிகப் பழைய பாறை. ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் ஒரே கண்டமாக ஒட்டியபோது, ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறியது. இங்குள்ள சார்னோகைட் பாறைதான் சென்னை பரங்கிமலையிலும் இருக்கிறது. பம்பரகந்த நீர்வீழ்ச்சியும் உலக முடிவுச் செங்குத்தும் எரிமலை வடித்தவை அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் ஆறும் அரித்ததில் மிஞ்சியவை. அரிபட்ட பாறையிலிருந்து உருண்டு வந்து பள்ளத்தாக்குச் சரளையில் தங்கியதுதான் இரத்தினபுரியின் நீலக்கல். அந்தச் சரளைப் படையைச் சுரங்கக்காரர் 'இல்லம்' என்பார்கள். கன்னியா வெந்நீரூற்றும் எரிமலையின் வேலை அல்ல. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது.

நில அதிர்வு அப்படி அடியோடு இல்லாததல்ல. 1615இல் கொழும்பு குலுங்கியது. 2020இல் கண்டி திகன பகுதியில் சிறு அதிர்வுகள் பதிவாயின. ஆனாலும் புவித்தட்டின் விளிம்பு எங்களுக்குத் தொலைவில், சுமாத்திரா பக்கம் இருக்கிறது. 2004 சுனாமியைக் கிளப்பிய பூகம்பம் அங்கு நடந்ததே.

பாறையின் ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு அருகிலுள்ள சமனலவெவ அணைக்கட்டே சாட்சி. அங்கே மலைக்குள் இருந்த சுண்ணாம்புக்கல் கரைந்து குகைகளாகியிருந்தது. 1992இல் நீர்த்தேக்கத்தின் பக்கக் கரையில் பெருங்கசிவு பீறிட்டது. அடைக்க எடுத்த முயற்சிகள் முழுதாகப் பலிக்கவில்லை.

எங்களைக் கொல்வது இவை எதுவுமல்ல, பாறைமேல் போர்த்தியிருக்கும் உக்கிய மண். நீர் ஊறினால் அது வழுக்கும். காட்டை வெட்டித் தேயிலை நட்டதில் மண்ணைப் பிடித்த ஆழமான வேர்கள் போயின. லயன்களோ சரிவிலும் ஓடைக்கரையிலும் எழுந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தன. அந்த இடத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2016 மே 17இல் கேகாலை அரநாயக்கவில் கிராமங்களே மூடுண்டன. விலகிப் போங்கள் என்று எழுதிக் கொடுப்பது சுலபம். பேர்ச் கணக்கில்கூடச் சொந்த நிலமில்லாத தோட்டத் தொழிலாளி எங்கே போவது என்பதை அந்தக் கடிதம் சொல்வதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்படி, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் தயார்நிலை, 150 ஆனால் வெளியேற்றம். அதற்கு முன்பே மண் அடையாளம் காட்டும்: தரையில் புது வெடிப்பு, சாயும் மரமும் மின்கம்பமும், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, தெளிந்த ஊற்று கலங்கி வருவது, அல்லது ஓடிய ஊற்று சட்டென நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம சேவகருக்கு அறிவியுங்கள். மழையும் விடாமல் பெய்கிறதென்றால் அறிவித்தலுக்குக் காத்திருக்காமல், பிள்ளைகளையும் முதியோரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். ஓடை வழியாக அல்ல, சரிவுக்குப் பக்கவாட்டாக.