ஒன்பது கிலோமீட்டர்

ஸ்பிளிட்டில் வாடகை காரின் சாவியைக் கொடுப்பதற்கு முன் கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டது ஒரே கேள்விதான். "போஸ்னியா வழியா போவீங்களா?"

இல்லையே, டூப்ரோவ்னிக்தான் போகிறோம் என்றோம். ஸ்பிளிட்டும் குரோஷியா, டூப்ரோவ்னிக்கும் குரோஷியா. ஒரே கடற்கரை, ஒரே சாலை. அவர் சிரித்துவிட்டு மேஜையில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். கடற்கரையோரமாக நீளும் குரோஷியாவை அங்கே போஸ்னியா சட்டென்று அறுத்துக்கொண்டு கடலுக்கு வந்திருந்தது. நெயூம் என்று ஒரு சிற்றூர். சாலைக்கணக்கில் சுமார் 9 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் மறுபடியும் குரோஷியா. எல்லை கடக்க காருக்குத் தனிக் காகிதம், தனிக் கட்டணம்.

2019 மார்ச். நாங்கள் மூன்று பேர் ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். செமஸ்டர் இடைவெளி, கையில் கொஞ்சம் பார்ட் டைம் வேலைக் காசு. நான்காமவன் கல்லூரி நண்பன், சென்னையில் வேலையில் இருந்தவன். குரோஷியா அப்போது ஷெங்கனில் இல்லை. ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்ததால் எங்களுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. அவன் குரோஷிய விசா தனியாக எடுத்து வந்திருந்தான். காகிதத்துக்குக் காசு கட்டலாமா என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் பாஸ்போர்ட்டைப் பிரித்து விசா பக்கத்தைப் பார்த்தான். நுழைவுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 01.

நெயூமுக்குள் போனால் அவன் குரோஷியாவை விட்டு வெளியேறியதாக முத்திரை விழும். 9 கிலோமீட்டர் கழித்துத் திரும்பி நுழைய விசா இருக்காது.

"கேக்கும்போதே மல்டிப்பிள் என்ட்ரி கேட்டிருக்கலாம்ல மச்சான்," என்றான் எங்களில் ஒருவன். அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிபவன் கேட்கக்கூடிய கேள்வி அது. கேட்டதெல்லாம் கொடுத்துவிடுவார்களா? அவன் பதில் சொல்லவில்லை. நானும் அவனுக்காக எதுவும் பேசவில்லை என்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

இந்த ஒட்டுத்துணி எப்படி வந்தது? நான் முதலில் நினைத்தது, 90களின் போருக்குப் பிறகு யாரோ மேஜையில் உட்கார்ந்து போஸ்னியாவுக்கும் கொஞ்சம் கடல் கொடுப்போம் என்று வெட்டிக்கொடுத்தது என்று. உண்மை அதைவிட 300 வருடம் பழையது. அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கியது போஸ்னியாவே அல்ல. டூப்ரோவ்னிக்தான்.

டூப்ரோவ்னிக்கின் பழைய பெயர் ரகூசா. மதில் சூழ்ந்த ஒரு நகரம், அதைச் சுற்றி மெலிந்த கடற்கரை, சில தீவுகள். அவ்வளவுதான் நாடு. ஆனால் குடியரசு. அதன் தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். எவனும் நாற்காலியில் வேர்விட்டுவிடக் கூடாது என்ற பயம் சட்டமானது. படை பலம் பெரிதாக இல்லை, கப்பல்களும் வியாபாரமும் இருந்தன. அதைவிட முக்கியமாக, யாருக்கு எப்போது பணம் கொடுக்க வேண்டும் என்ற தெளிவு இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஓட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுக்கு 12,500 டுகாட் கப்பம். பதிலுக்கு சுல்தானின் நிலமெங்கும் வியாபாரம் செய்யும் உரிமை. கத்தோலிக்க நகரம், இஸ்லாமியப் பேரரசின் நிழலில். தூதர்கள் கப்பத்தைத் தூக்கிக்கொண்டு இஸ்தான்புல்லுக்கு நடையாய் நடந்தார்கள்.

ரகூசா உண்மையில் பயந்தது சுல்தானுக்கு அல்ல, வெனிஸுக்கு. இரண்டும் ஒரே மதம், ஒரே கடல், ஒரே தொழில். 1205 முதல் 1358 வரை ரகூசா வெனிஸின் கீழ் இருந்தது. அந்த அனுபவத்தை அது மறக்கவே இல்லை. 1667 ஏப்ரல் 6ஆம் தேதி பூகம்பம் வந்தது. நகரத்தின் பெரும்பகுதி இடிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த மாதத்துத் தலைவரும் இடிபாட்டில் போனார். அப்படிக் கிடந்த நகரம் எழுந்து உட்கார்வதற்குள் அடுத்த ஆபத்து. 1683இல் தொடங்கிய பெரும் போரில் ஓட்டோமான்கள் தோற்றுக்கொண்டே வந்தார்கள். வெனிஸ் எதிரணியில் இருந்தது. 1687இல் கிழக்கே ஹெர்ட்செக் நோவியைப் பிடித்தது. வடமேற்கே டால்மேஷியக் கரை ஏற்கெனவே அதன் கையில். பிறகு ரகூசாவின் முதுகுப்புற மலைநிலத்துக்குள்ளும் அதன் படைகள் வந்துவிட்டன.

இந்த இடத்தில்தான் எனக்கு ரகூசாவின் மேல் ஒருவித பிரியம் வருகிறது. 1699 ஜனவரியில், இன்றைய செர்பியாவில் இருக்கும் கார்லோவிட்ஸில் சமாதான ஒப்பந்தம். ஹங்கேரியின் பெரும்பகுதி, டிரான்சில்வேனியா என்று ஓட்டோமான்கள் மாகாணம் மாகாணமாக இழந்த மேஜை அது. அதே மேஜையில் குட்டி ரகூசாவின் காரியமும் நடந்தது. வெனிஸின் நிலம் ரகூசாவின் நிலத்தை எங்கேயும் தொடக்கூடாது. பிடித்த இடங்களிலிருந்து வெனிஸ் பின்வாங்க வேண்டும். நடுவில் சுல்தானின் நிலம் இருக்க வேண்டும், அதுவும் கடல் வரைக்கும். வடமேற்கே நெயூம், தென்கிழக்கே சுட்டோரினா என்று இரண்டு பட்டைகள். 1718இல் பஸ்ஸரோவிட்ஸ் ஒப்பந்தம் இதை உறுதிசெய்தது. இனி வெனிஸ்காரன் தரைவழியாக ரகூசாவுக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் முதலில் சுல்தானின் மண்ணை மிதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து, தன் வீட்டின் இரண்டு பக்கமும் ஊர்ப் பெரிய ரவுடியைக் குடிவைத்துக்கொண்ட கதை.

அந்த ஏற்பாடு வேலை செய்தது. அது தேவையில்லாமல் போனபோது எடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான். 1797இல் வெனிஸ் குடியரசை நெப்போலியன் முடித்துவைத்தார். 1806இல் பிரெஞ்சுப் படை ரகூசாவுக்குள் நுழைந்தது, 1808இல் அந்தக் குடியரசும் இல்லை. பயந்தவனும் போய்விட்டான், பயமுறுத்தியவனும் போய்விட்டான். 1815க்குப் பிறகு இரண்டு பக்கக் கரையும் ஆஸ்திரியாவுக்கே வந்தது, ஆனால் அந்தக் கரை இரண்டு இடத்தில் துண்டுபட்டே கிடந்தது. 1878இல் போஸ்னியாவையும் ஆஸ்திரியா-ஹங்கேரி எடுத்துக்கொண்டபோது சுல்தானும் படத்திலிருந்து விலகினார். கோடு மட்டும் போஸ்னியாவின் கோடாக நின்றது. என் வேலையில் இது தினசரி. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர் எழுதியதன் காரணமும் போயிருக்கும். அழித்தால் என்ன உடையுமோ என்று யாரும் தொடமாட்டோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிட்டோவின் யூகோஸ்லாவியாவில் குடியரசுகளுக்கு எல்லை பிரித்தார்கள். சுட்டோரினா மாண்டினீக்ரோவுக்குப் போனது. நெயூம் போஸ்னியாவிடமே தங்கியது. அப்போது அது யாரையும் உறுத்தவில்லை, எல்லாம் ஒரே நாடு. 60களில் போட்ட அட்ரியாட்டிக் நெடுஞ்சாலை நெயூம் வழியாகத்தான் போகிறது. நாடு உடைந்தபோது, 1992 ஜனவரியில், ஐரோப்பா அமைத்த பதாந்தேர் நடுவர் குழு ஒரு கருத்தைச் சொன்னது: குடியரசுகளுக்கிடையே இருந்த உள் எல்லைகள், வேறு உடன்பாடு இல்லையென்றால், சர்வதேச எல்லைகள் ஆகும். நியாயமான விதிதான், எல்லைக்காக இன்னும் ரத்தம் சிந்தாமல் இருக்கச் சொன்னது. அதன் பலனாக ரகூசாவின் பழைய அரணில் இரண்டு பக்கமும் சாவடி வந்தது.

சரி, எங்கள் கதை. நெயூமுக்குப் போகாமல் டூப்ரோவ்னிக் போக ஒரு வழி இருந்தது. ப்லோச்செ என்ற துறைமுகத்திலிருந்து காரோடு படகில் ஏறி, பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தில் இறங்கி, அதன் முதுகுத்தண்டு வழியே ஓட்டிப் போவது. சுமார் ஒரு மணி நேரப் படகு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிடம் முன்னால் ஒன்று கிளம்பியிருந்தது. சீசன் இல்லாத மாதம், படகுகள் குறைவு. சரக்குத் துறைமுகம், பார்க்க ஒன்றுமில்லை. காரில் ரொட்டியும் ஊறுகாயும் தின்றபடி மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"நீங்க ரோட்லயே போயிருக்கலாம்டா. நான் மட்டும் படகுல வந்து பஸ் பிடிச்சிருப்பேன்," என்றான் அவன்.

"உளறாத," என்றேன். அரை மணி நேரம் முன்பு அதையேதான் நானும் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

தீபகற்பம் அழகு. திராட்சைத் தோட்டங்கள், கீழே கடல், எதிரே வண்டியே இல்லை. தீபகற்பம் நிலத்தோடு ஒட்டும் கழுத்தில் ஸ்டோன் என்ற ஊர் வந்தது. மலைமேல் ஏறி இறங்கும் நீண்ட மதில், கீழே உப்பளம். 1333இல் ரகூசா இந்தத் தீபகற்பத்தைப் பணம் கொடுத்து வாங்கியது. வாங்கிய கையோடு கழுத்தில் மதில் எழுப்பத் தொடங்கியது. இன்றும் 5 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம் நிற்கிறது. உப்பைக் காப்பாற்ற இவ்வளவு கல்லா என்று வியந்தான் சென்னைக்காரன். அன்று அவன் முதல்முறையாகச் சிரித்தது அங்கேதான்.

திட்டத்தில் இருந்த மோஸ்தாரும் போஸ்னியாதான். மற்ற இருவரும் டூப்ரோவ்னிக்கிலிருந்து பஸ்ஸில் போய்வந்தார்கள். நான் அவனோடு தங்கினேன். இது தியாகமெல்லாம் இல்லை, ப்லோச்செயின் குற்றவுணர்ச்சி. இருவரும் மதில்மேல் ஒரு சுற்று நடந்தோம். ரகூசாவைப் பற்றி நான் போனில் தேடித் தேடிப் படித்துச் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டே வந்தான். கார்லோவிட்ஸ் வந்ததும் நின்றுவிட்டான்.

"அப்போ இவங்க வெனிஸ்காரனுக்கு வச்ச கேட்டுலதான் நான் மாட்டிருக்கேன்."

2022 ஜூலை 26இல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தது. 2,404 மீட்டர் நீளம். ஐரோப்பிய ஒன்றியம் 35.7 கோடி யூரோ கொடுத்தது, கட்டியது ஒரு சீன நிறுவனம். குரோஷியாவிலிருந்து குரோஷியாவுக்கு, நெயூமைத் தொடாமல். கடலுக்கு மேல் 55 மீட்டர் உயரம் விட்டிருக்கிறார்கள், நெயூமுக்குப் பெரிய கப்பல் வருவதென்றால் பாலத்தடியில் நுழைந்துதான் வர வேண்டும் என்பதால். நெயூமில் இதுவரை பெரிய துறைமுகம் எதுவும் இல்லை. அடுத்த ஜனவரியில் குரோஷியா ஷெங்கனுக்குள் போனது. நெயூமின் இரண்டு சாவடிகளும் அன்றுமுதல் ஷெங்கனின் வெளி எல்லை.

திறப்பு விழா வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். மதியம் வரை பதில் இல்லை. பிறகு கேட்டான்.

"அந்தப் படகு இன்னும் ஓடுதா?"

ஓடுது என்றேன்.