முயலும் சருகுமானும்

தமிழர் முயலை இருவகையாக மதித்தனர். வேட்டையில் அஃது எளிய இரை. காட்டு முயலை வீழ்த்திய அம்பினும் யானைமேல் எறிந்து தவறிய வேலே இனிது என்கிறது 772ஆம் குறள். ஆயினும் நிலவின் கறையை முயலாகக் கண்டனர். பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்தும் முயலின் அறிவைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லினர். கடல் கடந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர், அதே அறிவுடைய சிற்றுயிரை மலாய்க் கதைகளில் சாங் கஞ்சில் எனும் சருகுமானாகக் கண்டனர். பாகான் நக்கோடா ஓமார் முதலாகிய வட சிலாங்கூர் ஊர்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்விரு கதைமரபும் உரியன. ஆசிரியர்கள் இரண்டையும் ஒருங்கே கற்பித்தல் வேண்டும். கூலிகள் என்று இகழப்பட்டோரின் வழிவந்த பிள்ளைகள், உருவின் சிறுமை அறிவின் சிறுமையன்று என்பதை அவற்றிலிருந்து உணர்வர். கூண்டில் வளரும் முயலிடத்தும் பரிவு கொள்வர்.