நூறடிச் சுருள்

சங்கீதம் பயில வருகிற சிறுவன் கையில் முதன்முதலாகக் கொடுக்கப்படும் வீணை எவ்வளவு பழையதாயினும், அது வித்வான் வாசிக்கும் வீணையின் ஜாதியைச் சேர்ந்ததாகவே இருக்கிறது; சிற்பம் பயில்கிறவனுக்கும் ஸ்தபதியின் உளியே உளி. சினிமாவைப் பயில வந்தவனுக்கோ, வெகுகாலம் வரையில், ஸ்டூடியோக்காரர்கள் ஏறெடுத்தும் பாராத கருவியே பெரும்பாலும் வாய்த்தது. வீட்டுக் குழந்தைகளைப் படம் பிடிப்பதற்கென்றும், யுத்தகளத்துக்கென்றும், டெலிவிஷன் செய்திக்கென்றும் பிறர் பொருட்டு உண்டாக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி அவனிடம் வந்து சேர்ந்த யந்திரம் அது. அதன் குறைகளே அவனுக்குப் பாடத்திட்டமாக அமைந்தன என்பது என் அபிப்பிராயம்.

கருவியே இல்லாமல் தொடங்கிய பள்ளிக்கூடமும் உண்டு. 1919-ல் மாஸ்கோவில் அரசாங்க சினிமாப் பள்ளி நிறுவப்பட்டபோது ருஷ்யா உள்நாட்டு யுத்தத்தில் அமிழ்ந்திருந்தது; கச்சா பிலிமை அந்நிய நாடுகளிலிருந்தே தருவித்து வந்த அத்தேசத்துக்கு அது வரும் வழி அடைபட்டுப் போயிற்று. அங்கே பாடம் சொல்ல வந்த லெவ் குலெஷோவுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல் அதிகமில்லை. படம் பிடிக்கப் பிலிம் இல்லையென்று அவர் பள்ளியை மூடிவிடவில்லை. ஒரு படத்தில் ஷாட்டுகள் எவ்விதம் ஒன்றன்பின் ஒன்றாக வருமோ அவ்விதமே தம் மாணாக்கர்களை மேடையில் நடிக்கச் செய்து, அதற்குப் 'பிலிம் இல்லாத படங்கள்' என்று பெயரும் வைத்தார். கிடைத்த பழைய பிலிம் துண்டுகளை வெட்டி, மாற்றி, ஒட்டிப் பார்த்து, ஒரே முகம் அதற்கு அடுத்து வருவது சூப்புக் கிண்ணமா சவப்பெட்டியா என்பதைப் பொறுத்து வெவ்வேறு பாவம் கொண்டதாகத் தோன்றுகிறது என்று அவர் கண்டு சொன்னது இன்றளவும் பள்ளிகளில் ஓதப்படுகிறது. பின்னாளில் பேர்பெற்ற டைரக்டரான புடோவ்கின் அந்த வறுமையில் பயின்ற மாணாக்கர்தாம்.

நாலு ஆண்டுகளுக்குப் பின், 1923-ல், அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியார் 16 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமை வெளியிட்டார்கள். காமிரா, முக்காலி, புரொஜெக்டர், திரை, ஒட்டும் கருவி யாவும் சேர்த்து 335 டாலர். வாங்கக்கூடியவர்கள் தனவந்தர்கள்தாம், அவர்கள் பிடித்ததும் தோட்டத்தில் ஓடும் குழந்தைகளையும் கடற்கரையில் நிற்கும் மனைவியரையுந்தாம். ஸ்டூடியோக்களில் வழங்கிய 35 மில்லிமீட்டர் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. ஒருமுறை தீப்பற்றினால் தண்ணீரும் அதை அணைக்காது. ஆகையால் வீட்டுக்குள் நுழையும் பிலிம் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டாகவே இருக்கவேண்டும் என்று கோடக் தீர்மானித்தது. அகலத்தைப் பதினேழரை என்று வைத்திருந்தால், ஆபத்தான நைட்ரேட் பிலிமை நெடுக்கில் இரண்டாகக் கிழித்து எவரேனும் விற்றுவிடக்கூடும். பதினாறு என்று வைத்துவிட்டபடியால் அந்தத் தந்திரத்துக்கு இடமில்லாமற் போயிற்று. தீயைக் குறித்த இந்த முன்யோசனை இல்லையேல், பிற்காலத்தில் வகுப்பறையிலும் விடுதி அறையிலும் மாணாக்கர்கள் பிலிம் டப்பாக்களை அச்சமின்றி அடுக்கி வைத்திருக்க முடியாது.

அந்தப் பிலிமில் மற்றொரு விசேஷமும் இருந்தது. நெகடிவ், அதிலிருந்து பாசிடிவ் என்று இரண்டு செலவு வைக்காமல், காமிராவுக்குள் ஓடிய அதே சுருளே லேபில் கழுவப்பட்டு நேர்பிம்பமாகத் திரும்பி வந்தது. செலவு பாதியாயிற்று, ஆனால் பிரதி என்பது கிடையாது. புரொஜெக்டர் அதில் ஒரு கீறல் போட்டால் கீறல் போட்டதுதான்.

பள்ளிக்கூடங்களுக்கு ஏற்ற காமிரா 1935-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. சேன்ட் க்ருவா என்னும் மலையூரில் கடிகாரமும் இசைப்பெட்டியும் செய்து பழகிய பாயார் கம்பெனியார், ழாக் பொகோபோல்ஸ்கி என்பவரிடமிருந்து போலெக்ஸ் என்ற பெயரையும் உரிமையையும் முன்னரே விலைக்கு வாங்கி, அதன்பின் உருவாக்கிய 'ஹெச் 16' என்னும் யந்திரம் அது. கடிகாரக்காரர் கைவண்ணம் அதில் பிரத்தியட்சமாகத் தெரியும்: மின்சாரம் வேண்டியதில்லை, பாட்டரி வேண்டியதில்லை, பக்கத்திலுள்ள பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால், உள்ளே இருக்கும் சுருள்வில் விரிந்துகொண்டே பிலிமை இழுத்துச் செல்லும். ஒரு முறை முழுச் சாவி கொடுத்தால் ஓடுவது சுமார் 28 வினாடி. அதற்குள் நடிக்கிறவர் அழுது முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் யந்திரம் நின்றுவிடும்.

உள்ளே அடங்கும் சுருளோ நூறு அடி. அடிக்கு 40 பிம்பம் வீதம் 4000 பிம்பம். வினாடிக்கு 24 என்று ஓட்டினால் மூன்று நிமிஷங்கூட இல்லை. அது தீர்ந்ததும் நிழலான இடமாகத் தேடி, உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு, வேறு சுருள் மாட்ட வேண்டும். அப்படியும் சுருளின் தலையிலும் வாலிலும் வெளிச்சம் கசிந்து, திரையில் ஆரஞ்சு நிறத் தணல்போலப் படர்வதுண்டு. இவ்வளவு குறுகிய வரம்புக்குள் இயங்க நேர்ந்த மாணாக்கன், சாவி கொடுப்பதற்கு முன்பாகவே ஷாட்டை மனத்தில் ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டான். முடிவில்லாமல் ஓடும் கருவி அந்தச் சிட்சையை அவனுக்கு அளித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தவிர, இந்தப் போலெக்ஸில் பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, பிம்பங்களை எண்ணிப் பார்த்து, ஒன்றன்மேல் மற்றொன்றைப் பதிக்கும் வசதி இருந்தது. ஆகவே லேபுக்குப் பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய ஆவி உருவங்களையும் இரட்டை வேஷங்களையும் பையன்கள் காமிராவுக்குள்ளேயே செய்து களித்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவத்தார் 16 மில்லிமீட்டரைப் பயிற்சிப் படங்களுக்கும் போர்க்களச் செய்திக்கும் ஏராளமாகப் பிரயோகித்தார்கள். பின்னர் டெலிவிஷன் செய்தியாளர்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். விளையாட்டுச் சாமானென்று ஸ்டூடியோக்காரர்கள் இகழ்ந்த அகலம் இப்படியாக உத்தியோகத்துக்கு உரியதாயிற்று.

சப்தம் வேறு கதை. காமிரா ஓடும்போது தையல் யந்திரம் போலக் கடகடக்கும். அதைக் கம்பளியால் போர்த்தினாலும் மைக் அதைக் கேட்காமல் விடாது. சுருள்வில்லின் வேகமோ ஒலிநாடாவின் வேகத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தாது. எனவே உதடும் சொல்லும் ஒன்றையொன்று விட்டு விலகும். பழைய மாணவப் படங்கள் பலவற்றில் பாத்திரங்கள் பேசாமல் தெருத்தெருவாக நடந்துகொண்டே இருப்பதை ஏதோ தத்துவ விசாரம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பாதிக்கு இந்தக் கடகடப்பே காரணமாயிருக்கலாம். இதற்கு விமோசனம் தந்தவரும் ஒரு மாணாக்கரே என்பதில் எனக்கு ஓர் ஆனந்தம். வார்ஸாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறி, லோஸானில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி, 1951-ல், தோளில் மாட்டிச் செல்லத்தக்க ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் நாக்ரா. போலிஷ் பாஷையில் 'பதிவு செய்யும்' என்று பொருள். அந்த முதற்பெட்டியும் சாவி கொடுத்தே ஓடியது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் வந்த மூன்றாவது நாக்ரா பாட்டரியில் சீராக ஓடியதோடு, காமிரா மோட்டாரின் துடிப்பையும் பேச்சோடு கூடவே நாடாவில் குறித்துக்கொண்டபடியால், பின்னர் இரண்டையும் பொருத்த முடிந்தது. கிளாப் கட்டை தட்டும் சம்பிரதாயம் அந்தப் பொருத்தத்துக்குத் தொடக்கப்புள்ளி வைப்பதுதான்.

வெட்டி ஒட்டுவதில் வேறொரு மாறுதல் நேர்ந்தது. பசையால் ஒட்டும்போது ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓரிரு பிம்பங்கள் பலியாகும். ஒட்டியதைப் பிரித்துப் பழையபடி சேர்ப்பது நடவாத காரியம். டைரக்டர் ஃபெலினியின் படங்களை எடிட் செய்த லியோ காட்டோஸோ என்ற இத்தாலியர், ஒளி ஊடுருவும் நாடாவால் ஒட்டுகிற சிறு கருவியைக் கண்டுபிடித்தார். அதன்பின் தப்பாக வெட்டுவது மகாபாதகமன்று. உரித்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது?

நம் தேசத்தில் 1960-ல் புனாவில் தொடங்கப்பட்ட சினிமாப் பயிற்சி நிலையத்துக்குப் பிரபாத் கம்பெனியின் பழைய ஸ்டூடியோவே இடமாக அமைந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா 1969-ல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறியது அங்கிருந்துதான். சென்னையிலோ, திரைப்படக் கல்லூரி மாணவர்கள் தங்களுக்கென்று விதிக்கப்பட்ட சிறு அளவைத் தாண்டிப் பாய்ந்த கதையும் உண்டு. 1986-ல் வெளிவந்த 'ஊமை விழிகள்' அவர்கள் கூடி எடுத்ததுதான்; அனுபவசாலிகளே தயங்கும் சினிமாஸ்கோப்பை, பிம்பத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதித்துத் திரையில் விரித்துக் காட்டும் அந்த அகல லென்ஸை, அவர்கள் துணிந்து எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் துணிவு வேறு விதமாக வெளிப்பட்டது. 1967-ல் ஜார்ஜ் லூகாஸ் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஒரு சிறு படம் எடுக்க விரும்பியபோது, அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கடற்படையாரிடம் கலர் பிலிம் இருப்பதறிந்து, அவர்களையே குழுவாகச் சேர்த்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், சார்லஸ் பர்னெட் என்ற கறுப்பின மாணாக்கர், 1970-களில், வார இறுதி நாட்களில் மட்டும், அக்கம்பக்கத்தாரையே நடிகர்களாக்கி, கறுப்பு-வெள்ளை 16 மில்லிமீட்டரில் 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற படத்தைத் தம் பட்டத்துக்காக எடுத்தார். எழுதியதும், காமிரா பிடித்ததும், வெட்டி ஒட்டியதும் அவரே. செலவு பதினாயிரம் டாலருக்கும் குறைவு. ஆனால் படத்தில் ஒலிக்கும் பாட்டுகளுக்கு உரிமை வாங்கவில்லை. வாங்க வேண்டுமென்று வந்தபோது அதற்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதை 1990-ல் தேசியப் படங்களின் வரிசையில் சேர்த்த பின்னும், கொட்டகைகளுக்கு அது வர 2007 ஆயிற்று. அப்போது பர்னெட் பயின்ற சர்வகலாசாலையின் ஆவணக்காப்பகத்தார், தோட்டத்துக் குழந்தைகளுக்கென்று பிறந்த அந்தப் பதினாறை முப்பத்தைந்தாகப் பெருக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்.